மேற்குச் சுவர் மெழுகுவர்த்தி

எங்கள் பட்டறையில் செய்த கேபின் ஆபீஸ் எதிலாவது நீங்கள் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால், மேற்குப் பக்கச் சுவரில், மேசை உயரத்துக்குச் சற்று மேலே, கைப்பிடி அளவு இரும்புத் தட்டு ஒன்றும் அதன்மேல் பற்றவைத்த ஒரு நட்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எதற்கு என்று பலர் போன் போட்டுக் கேட்கிறார்கள். கேட்காதவர்கள் அதில் ஊதுபத்தி செருகிவிடுகிறார்கள். ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் பிளான்ட் ஆபீசில் அதில் பேனா நிற்கிறது. தப்பில்லை. ஆனால் அது மெழுகுவர்த்தி நிற்க வேண்டிய இடம். அதை முதலில் அங்கே நிறுத்தியவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பெயர் போட மாட்டேன். போட்டால், ஏன் போட்டீர்கள் என்று போன் வரும். அவரிடம் பதில் சொல்லி மாளாது. பட்டறையில் எல்லோரும் அவரை 'பில் அக்கா' என்பார்கள். எங்களிடம் வருவதற்கு முன்பு கல் குவாரியில் லாரிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் அக்கா இல்லை, என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தாலும் 'ஏம்மா'தான், குரல் மட்டும் ஏறும். அவர் விஷயத்தில் அது அடிக்கடி ஏறியது.

என் பட்டறை கந்தர்வக்கோட்டை சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. முதலில் கிரில் கேட், ஜன்னல் கம்பி என்று அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு குவாரிக்காரர் வந்து, லாரியில் ஏற்றிப் போகிற மாதிரி ஒரு ரூம் வேண்டும் என்றார். இரும்புச் சட்டம், வெளியே தகரம், உள்ளே பிளைவுட், ஒரு கதவு, ஒரு ஜன்னல். செய்து கொடுத்தேன். கடைக்கால் தோண்ட வேண்டாம், கொத்தனார் பின்னால் அலைய வேண்டாம். கிரேன் இறக்கி வைத்த அன்றைக்கே ஆபீஸ் திறக்கலாம். வேலை முடிந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். ஒன்று நாலானது, நாலு இருபதானது. எனக்குத் தலை கால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் சுவரில் விளம்பரம்கூட எழுதினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பேப்பர் பொட்டலத்தோடு அவர் வந்தார்.

"அண்ணே, இலுப்பூர் பக்கம் குவாரிக்கு கேபின் செஞ்சு குடுத்தது நீங்கதானுங்களா?"

"நாந்தாம்மா. இன்னொண்ணு வேணும்னாங்களா?"

அவர் பொட்டலத்தை என் மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மெழுகுவர்த்தி, கொக்கி மாதிரி வளைந்து கிடந்தது.

"காலையில இது நேரா இருந்துச்சுங்க. கரண்டு போனா ஏத்தலாம்னு மேசையில நட்டு வச்சிருந்தேன். மத்தியானம் மூணு மணிக்கு இப்படி ஆயிருச்சு. பத்தவைக்கவே இல்ல. திரியப் பாருங்க, வெள்ளையா இருக்கு."

"வெயில் காலம் அப்படித்தாம்மா இருக்கும். மொதலாளிகிட்டச் சொல்லி ஏசி போட்டுக்கங்க."

"கரண்டே இல்லைங்கிறேன், ஏசிங்கிறீங்க." அவர் குரல் உயரவில்லை. "நீங்க ஒரு நாளாவது அதுக்குள்ள உக்காந்து பாத்திருக்கீங்களாண்ணே?"

இருபது கேபின் செய்தவன் நான். ஒன்றில்கூட ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. செய்கிறபோது கதவும் ஜன்னலும் இருக்காது, தலைக்கு மேல் பட்டறைக் கூரை இருக்கும், போதாததற்கு முந்திரி மர நிழல். முடிந்ததும் கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். சாப்பிடுகிறவர் வாயில் என்ன ஆகிறது என்று தெரியாத சமையல்காரன் மாதிரி இருந்திருக்கிறேன். ஆனால் அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவா முடியும்?

அந்த வாரமே பைக்கை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனேன், அவர் சொல்வது மிகை என்று காட்டத்தான். நடுமத்தியானம். சுற்றிலும் வெள்ளைக் கல், ஒரு செடிகூடக் கிடையாது. அவர் தன் நாற்காலியை எனக்குத் தந்துவிட்டு நின்றபடியே லாரிக்கு பில் எழுதினார். முழங்கைக்குக் கீழே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். வேர்வையில் கை பில்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், டிரைவர்கள் திட்டுவார்கள் என்றார். இருபது நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு எழுந்து வெளியே வந்தேன். வெளியே வெயிலில் நின்றது எனக்கு ஜில்லென்று இருந்தது.

தோற்றுப்போனவனுக்கு வாய் நீளும் அல்லவா? எனக்கும் நீண்டது. "இவ்வளவு தெரிஞ்சவங்க, நீங்களே வந்து செஞ்சு காட்டுங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளப்பினேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டிபன் கேரியரோடு பட்டறை வாசலில் நின்றார்.

"என்னம்மா?"

"நீங்கதானண்ணே வரச் சொன்னீங்க."

"அப்ப குவாரி வேலை?"

"சொல்லிட்டு வந்துட்டேனுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். வெல்டிங் தெரியாது, பெயின்ட் அடிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது உட்காருவது ஒன்றுதான். அதற்கு யாராவது ஆள் வைப்பார்களா? நான் வைத்தேன்.

அவர் போட்ட முதல் சட்டம், முடிந்த கேபினை நிழலில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது. பட்டறைக்குப் பின்னால் மரமே இல்லாத செம்மண் பொட்டல் ஒன்று உண்டு. கிரேன் வைத்து அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். வாங்குகிறவரிடம் வாசல் எந்தத் திசை என்று முதலிலேயே கேட்டு, அதே திசையில் வைக்க வேண்டும். பிற்பகல் வெயில் விழுகிற மேற்குச் சுவரில் அவர் கேட்டுப் பற்றவைத்த தட்டில், பன்னிரண்டு மணிக்கு ஒரு மெழுகுவர்த்தியை நடுவார். ஆவூர்ப் பக்கத்துக்காரர் அவர். அங்கே மாதா கோயில் கடையிலிருந்து விரல் கனத்தில் மெல்லிசு மெழுகுவர்த்தியாகக் கட்டுக் கட்டாக வாங்கி வருவார். அதன் அடியில் ஆணியால் கேபின் நம்பரைக் கீறுவார். கதவைச் சாத்துவார், ஜன்னலைச் சாத்துவார், ஃபேன் போட மாட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு. மூன்று மணி வரை உள்ளே இருப்பார். மெழுகுவர்த்தி சாயக் கூடாது, கை நோட்டில் ஒட்டக் கூடாது. இரண்டில் ஒன்று நடந்தாலும் கேபின் பட்டறை வாசலைத் தாண்டாது.

மூன்று மணி நேரம் நோட்டில் என்னதான் எழுதுகிறார் என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். லாரி நம்பர்கள். ஆறு வருஷம் குவாரியில் எழுதிய லாரி நம்பர்களை மனப்பாடமாக வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். வெல்டர்கள் வெளியே நின்று, "அக்கா கேபினுக்கு ஜெபம் பண்ணுது" என்று கிண்டலடிப்பார்கள். "ஒங்களுக்குந்தாண்டா பண்றேன், வெல்டிங் நல்லா வரட்டும்னு" என்பார் உள்ளே இருந்தபடியே.

முதல் ஆறு கேபின்களில் ஐந்து தோற்றன. நான் அவரைப் பார்த்தாலே பல்லைக் கடித்தேன். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லாமல் இருந்ததை விட்டுவிட்டு, நடுவில் ஃபோம் வைத்த பஃப் பேனலுக்கு மாறினேன். அப்போதும் மெழுகுவர்த்தி லேசாகத் தலையாட்டியது. அவர்தான் சொன்னார், குவாரியில் கூரைமேல் நாலு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டிய வாரம் மட்டும் மெழுகுவர்த்தி நேராக நின்றது என்று.

"தார்ப்பாய் கூரையத் தொடக் கூடாதுண்ணே. ஒரு சாண் எடம் விடணும். நடுவுல காத்து போகணும்."

இன்றைக்கு எங்கள் கேபின் எதைப் பார்த்தாலும் தலைக்கு மேல் இன்னொரு தகரக் கூரை, நடுவில் ஒரு சாண் இடைவெளி, நாலு பக்கமும் இரண்டடி நீட்டம். மதுரையிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேட்டால், டிசைன் எங்களுடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். எங்களுடையதுதான். ஆனால் அது குவாரியில் ஒரு பெண்பிள்ளை கம்பு நட்டுக் கட்டிய தார்ப்பாய்.

வெயில் மட்டும் இல்லை. உட்கார்ந்தால்தான் தெரிகிற விஷயங்கள் எத்தனையோ. ஜன்னலை மூன்று விரற்கடை இறக்கச் சொன்னார். லாரி டிரைவர் நீட்டுகிற கையும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் நீட்டுகிற கையும் எழுந்திருக்காமல் எட்ட வேண்டுமாம். கழிப்பறைக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாள், கைப்பை மாட்ட ஒரு கொக்கி. கதவுக்குப் பக்கத்தில் சாண் அகலத்தில் ஒரு கண்ணாடி.

"அது எதுக்கும்மா? ஆபீஸ்தான, வீடா?"

"பொட்டக்காட்டுல பொம்பளை ஒருத்தி தனியா உக்காந்திருப்பாங்கண்ணே. யாராச்சும் கதவத் தட்டினா, தொறக்குறதுக்கு முன்னாடி ஆளு யாருன்னு பாக்க வேணாமா?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவன், எனக்கு இது தோன்றவில்லை. அன்றிலிருந்து எந்தக் கேபினும் அந்தக் கண்ணாடி இல்லாமல் போனதில்லை.

யார் வந்து கேபினைப் பார்த்தாலும் அவர் சொல்வது ஒரே வார்த்தைதான். வாங்க வந்தவர் சுவரைத் தட்டி, கதவை ஆட்டி, "நல்லாருக்கு" என்பார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து பாருங்க" என்பார். நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களை அவர் வாடிக்கையாளராகவே மதித்ததில்லை.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பாதிதான்.

தெற்கே, கடற்கரையை ஒட்டிய பொட்டலில் ஒரு சோலார் கம்பெனி பெரிய அளவில் பேனல் நட வந்தது. சைட் ஆபீசுக்குப் பத்து கேபின் வேண்டும் என்று எங்களிடம் ஆர்டர் கொடுத்தார்கள். சொன்ன தேதியில் பத்தும் சரியாக வந்தால் அடுத்த வருஷ வேலையும் எங்களுக்குத்தான். சறுக்கினால் அவர்கள் சென்னைக்குப் போய்விடுவார்கள், நானும் என் பன்னிரண்டு ஆட்களும் பழையபடி கிரில் கேட் அடிக்க வேண்டியதுதான். எட்டு கேபின் ஜம்மென்று முடிந்தது. அப்போது பார்த்து பஃப் பேனல் லோடு வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று சொல்லிச் சொல்லியே நாலு நாள் போனது. கடைசி இரண்டு கேபினுக்கு நான் மேற்குச் சுவரிலும் கூரையிலும் மெல்லிசு தெர்மாகோலை வைத்து, மேலே பிளைவுட் அடித்து மூடச் சொல்லிவிட்டேன். பில் அக்கா அந்த வேலை நடந்த இரண்டு நாளும் ஊரில் திருவிழா என்று லீவில் இருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்தேன். பொய் சொல்வானேன்?

கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்து ஓகே சொன்னதும் ஏற்றுவதாக ஏற்பாடு. டிரெய்லரும் கிரேனும் காலையிலேயே வந்து நின்றன. பில் அக்காவும் வந்துவிட்டார். பொட்டலில் நின்ற ஒன்பதாம் நம்பரிலும் பத்தாம் நம்பரிலும் முந்தின நாளே வந்து மெழுகுவர்த்தி நட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பது ஒரு வெல்டர் சொல்லி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திருவிழாவிலிருந்து பஸ் பிடித்து வந்து நட்டிருக்கிறார்! ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டும் வளைந்து, தலை தட்டைத் தொட்டுக் கிடந்தன.

அவர் முன்பக்கம் எட்டு கேபினையும் இன்ஜினியருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மேசை இழுப்பறையில் புது மெழுகுவர்த்திக் கட்டு இருக்கும். இரண்டை எடுத்தேன். வளைந்ததைப் பிடுங்கி முந்திரித் தோப்பில் எறிந்தேன், புதியதை நட்டேன். ஐம்பது வயதில், சொந்தப் பட்டறையில், திருடன் மாதிரி.

இன்ஜினியர் ஒன்பதாம் நம்பருக்கு வந்தார். நேராக நின்ற மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல டெஸ்டிங் சார் இது. சரி, ஏத்திரலாம்."

பில் அக்கா மெழுகுவர்த்தியை நட்டிலிருந்து மெல்ல எடுத்தார். தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கீறல் இல்லை, நம்பர் இல்லை. பத்தாம் நம்பருக்குப் போய் அதையும் எடுத்துப் பார்த்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பத்தாம் நம்பருக்குள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கனமான தாழ்ப்பாள், அவர் சொல்லி நான் வைத்ததுதான்.

மணி பன்னிரண்டு. கிரேன்காரர் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ள ஆளு இருக்கு, எப்புடித் தூக்குறது?" என்று கேட்டார். இன்ஜினியர் என்னைப் பார்த்தார்.

நான் கதவைத் தட்டினேன். "ஏம்மா, வெளிய வாங்க."

"மூணு மணிக்கு வாரேண்ணே."

"வெளாடாதீங்க. வண்டி நிக்குது."

"நிக்கட்டுமுங்க."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்படின்னா இன்னையோட வேலைக்கு வர வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மணி ஆனது. ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது, எழுதிக்கொண்டேதான் இருந்தார். ஒன்றரைக்கு அவர் கையைத் தூக்கியபோது நோட்டுத் தாள் கையோடு வந்தது. அதை மெதுவாகப் பிரித்து வைத்துவிட்டு அடுத்த நம்பரை எழுதினார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கதவத் தொறங்கம்மா. நானும் வாரேன்" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. உள்ளே கால் வைத்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அவர் எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தேன்.

"தெர்மாகோல்" என்றேன்.

"தெரியும். சுவத்தத் தட்டிப் பாத்தேன்."

"தெரிஞ்சா அந்த ஆளுகிட்டச் சொல்ல வேண்டியதுதான? எதுக்கு உள்ள வந்து வேகுறீங்க?"

"நாஞ் சொன்னா ஒங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். நீங்க சொன்னா அப்படி இல்லைல்ல."

நான் வெளியே வந்தேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இன்ஜினியரிடம் போய், கடைசி இரண்டு கேபினில் நான் என்ன செய்தேன் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மெழுகுவர்த்தி மாற்றியதையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே பத்தாம் நம்பருக்குள் போனார். பில் அக்கா அவருக்கும் நாற்காலியை நகர்த்திப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பத்து நிமிடம் கழித்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், போனை எடுத்துக்கொண்டு தோப்பு ஓரமாகப் போய் யாரிடமோ வெகுநேரம் பேசினார். நானும் என் பன்னிரண்டு ஆட்களும் வேலையை விட்டுவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்து, "எட்டயும் இப்ப ஏத்துங்க. மத்த ரெண்டயும் ஒரு வாரத்துல பிரிச்சு ஒழுங்கா செஞ்சு அனுப்புங்க" என்றார். வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார். "அந்த மேடம் மெழுகுவர்த்தி எங்க வாங்குறாங்க?"

மறுநாள் எட்டரைக்கு அவர் டிபன் கேரியரோடு வந்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று நான் கத்தியதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்பது போல இருந்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். பஃப் பேனல் லோடு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வருஷம் கழித்து அந்தக் கம்பெனியே அவரைக் கேட்டது. சைட்டுக்கு வருகிற கேபின், தங்கும் அறை எல்லாவற்றையும் பார்த்து எடுக்க ஆள் வேண்டுமாம். அவர் என்னிடம் வந்து, "போகட்டுமாண்ணே?" என்றார். "போங்கம்மா, இனியாச்சும் நிம்மதியா ஒரு கேபின் அனுப்புவேன்" என்றேன். அவர் பஸ் ஏறிய பிறகு அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். நிம்மதியும் கிடைக்கவில்லை. சென்னைக்காரர்களுடைய கேபினைத் திருப்பி அனுப்புகிற மாதிரி என்னுடையதையும் ஒன்று திருப்பி அனுப்பினார். போனில் வளைந்த மெழுகுவர்த்தியின் படம் மட்டும் வந்தது, ஒரு எழுத்துகூட இல்லை. பார்த்ததும் கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. நம்ம பட்டறையில் வேலை பார்த்த ஆளாக்கும் என்று பட்டறை முழுக்கக் காட்டினேன்.

போன கோடையில் ஒரு வேலையாக மணமேல்குடி வரை போனவன், அப்படியே அந்த சைட்டுக்கும் போனேன். கண்ணுக்கு எட்டியவரை நீலத் தகடுகள், நடுவில் எங்கள் பத்து கேபின்களும் வரிசையாக நின்றன. உப்புக்காற்றிலும் ஒரு மூலைகூடத் துருப்பிடிக்கவில்லை. அவருடைய ஆபீஸ் பத்தாம் நம்பர். கதவைத் தட்டினேன். பக்கத்துக் கண்ணாடியில் முகம் தெரிந்தது, அப்புறம்தான் கதவு திறந்தது.

உள்ளே கரண்டு இல்லை. மேசை, நோட்டு, தண்ணீர்ப் பாட்டில். மேற்குச் சுவர்த் தட்டில் தூசி படிந்த ஒரு மெழுகுவர்த்தி நேராக நின்றது.

"இன்னும் இந்தப் பழக்கத்த விடலையா நீங்க?"

"அது பழைய மெழுகுவர்த்திண்ணே. எடுத்துப் பாருங்க."

எடுத்தேன். தலைகீழாகத் திருப்பினேன். அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. நம்பர் இல்லை. அவர் எந்த மெழுகுவர்த்தியையும் நம்பர் கீறாமல் நட்டதில்லை.

"அன்னைக்கு நீங்க வச்சதுதான்" என்றார். "பிரிச்சுச் செஞ்சு முடிச்சதும் நான் இதையே எடுத்து நட்டேன். மூணு கோடை பாத்துருச்சு. இன்னும் நிக்குது."

மெழுகுவர்த்தியைப் பழையபடி நட்டில் நட்டேன். இந்தத் தடவை அவர் பார்க்கவே நட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். மணி ஒன்றரை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து அவருடைய நோட்டின்மேல் வெறும் கையை வைத்துக்கொண்டு, அவர் சைட்டைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மூன்று மணி வரை கேட்டேன். எழுந்தபோது தாள் கையோடு வரவில்லை.